மடை திறக்கும் ஆட்டம்

நுழையும்முன்

நெய்தல் நிலத்தில் விளைந்த உப்பு, உமணர் வண்டிகளில் ஏறி மலைநாடுவரை சென்றது. கடற்கரைப் பட்டினங்களிலிருந்து பொருள்கள் கலமேறி அயல்நாடுகளை அடைந்தன. நிலத்தின் விளைச்சல் நிலம் கடந்து செல்வது தமிழர்க்குப் புதிதன்று. இன்று விளையாட்டுத் திறனும் அவ்வாறு எல்லை கடக்கும் விளைபொருளாகியுள்ளது. கடற்கரை ஊரொன்றில் பந்தை உதைக்கத் தொடங்கும் இளையோர், அயல்நாட்டுக் கழகம் ஒன்றின் நடுகளம்வரை செல்லும் வழி எத்தகையது? அவ்வழியின் படிகள் யாவை? தடைகள் யாவை? இவற்றை விளக்குகிறது இப்பாடம்.

அளமும் களமும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைவழியே புதுச்சேரிக்குச் செல்வோர், விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தை அடையும்போது சாலையின் ஓரத்தில் வெண்மையான பரப்பு விரிவதைக் காண்பர். அவை உப்பளங்கள். சங்க இலக்கியமான சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று அறிஞர் பலர் கருதுவர். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் துறைமுகமாக விளங்கிய அந்நிலம் இன்றும் உப்பாலும் மீனாலும் வாழ்கிறது. அருகிலுள்ள கழுவேலி நீர்நிலை 2021ஆம் ஆண்டில் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

உப்பு விளைவிப்பது பார்வைக்கு எளிய தொழில். உண்மையில் அது நுட்பமான நீர்மேலாண்மை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அந்நீரை ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாற்றி, வெயிலும் காற்றும் அதனைச் செறிவாக்கும்வரை காத்திருக்க வேண்டும். நீரின் செறிவைப் போமே என்னும் அளவையால் குறிப்பர். கடல்நீர் ஏறத்தாழ 3 பாகை அளவில் இருக்கும். 25 பாகையை நெருங்கும்போது உப்புப் படிகம் தோன்றும். படிகம் தோன்றியபின் எஞ்சும் கசப்பு நீரை உரிய காலத்தில் வெளியேற்றாவிடில் உப்பின் தரம் கெடும். முன்னதாக மடை திறந்தால் நீர் முற்றாது. பிந்தித் திறந்தால் உப்பு கசக்கும். எப்போது, எந்த மடையை, எவ்வளவு திறப்பது என்று அறிந்தவரே தேர்ந்த உப்பளத் தொழிலாளி.

இத்தொழிலில் ஈடுபடுவோர் விடியலுக்கு முன்பே அளத்தில் இறங்குவர். வெயில் ஏறியபின் வெண்பரப்பின் ஒளி கண்ணைக் கூசச் செய்யும்; உவர்நீர் காலின் வெடிப்புகளில் எரியும். மழைக்காலத்தில் அளம் நீரில் மூழ்கிவிட, வேலையும் நின்றுவிடும். ஆண்டின் சில திங்கள்கள் வருவாயின்றிக் கழியும். இத்தகைய கடற்கரையில் பிறந்த ஒரு சிறுமியோ சிறுவனோ விளையாட்டைத் தம் வாழ்வாகத் தேர்வது எளிய முடிவன்று. குடும்பத்தின் ஒரு நாள் கூலிக்கும் பிள்ளையின் ஒரு நாள் பயிற்சிக்கும் இடையே தேர்வு செய்ய வேண்டிய நிலை அங்கு அடிக்கடி எழும்.

நடுகளம் என்பது யாது?

கால்பந்துத் திடல் ஏறத்தாழ 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடையது. அணிக்குப் பதினொருவர். இலக்குக் காவலர், பின்களத்தார், நடுகளத்தார், முன்களத்தார் என நால்வகையாக அவர்களைப் பிரிப்பர். கோல் அடிப்பவரின் பெயர் ஊரறியும். கோலைத் தடுப்பவரின் பெயரும் பேசப்படும். இவ்விரண்டுக்கும் இடையே நின்று, எதிரணியிடமிருந்து பந்தை மீட்டு, அதனை உரிய நேரத்தில் உரியவரிடம் சேர்ப்பவர் நடுகள ஆட்டக்காரர். உப்பளத்தில் மடை காப்பவரின் பணிக்கு ஒப்பானது இவர் பணி. பந்து நீரைப்போல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால், எங்கு ஓட வேண்டும் என்பதை ஒருவர் முடிவு செய்ய வேண்டும்.

நடுகளத்தாருள்ளும் வகைகள் உண்டு. பின்களத்தாருக்கு அரணாக நின்று எதிரணியின் தாக்குதலை முறிப்போர் ஒரு வகையினர். திடலின் இரு முனைகளுக்கும் இடையே இடைவிடாது ஓடி இரு பணிகளையும் செய்வோர் மற்றொரு வகையினர். முன்களத்தாருக்குப் பின்னே நின்று கோல் வாய்ப்பை உருவாக்குவோர் மூன்றாம் வகையினர். ஒரு போட்டியில் நடுகள ஆட்டக்காரர் 10 முதல் 12 கிலோமீட்டர்வரை ஓடுவது இயல்பு. திடலில் மிகுதியாக ஓடுவோர் இவர்களே.

எனினும், ஓட்டத்தைவிட இன்றியமையாதது பார்வை. பந்து தம் காலுக்கு வருமுன்பே தலையைத் திருப்பிச் சுற்றிலும் நோக்கி, யார் எங்கு நிற்கிறார் என்று உள்ளத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நார்வே நாட்டு விளையாட்டு அறிவியலாளர் கெயிர் யோர்டெட் இதனை நீண்டகாலம் ஆராய்ந்தவர். பந்து வருமுன் மிகுதியாகச் சுற்றிப் பார்ப்போரின் பந்தளிப்பு மிகுதியாகக் கைகூடுகிறது என்பது அவருடைய ஆய்வுகளின் முடிவு. இத்திறன் பிறவியிலேயே அமைவதன்று. சிறுவயது முதல் முறையான பயிற்சியாலும் போட்டி அனுபவத்தாலும் வளர்வது. ஆகவேதான், நல்ல நடுகள ஆட்டக்காரரை உருவாக்க நல்ல திடலும் நல்ல பயிற்றுநரும் தொடர்ந்த போட்டிகளும் தேவைப்படுகின்றன.

கடலூர்க் கரையில் ஒரு முளை

மரக்காணத்திற்குத் தெற்கே, புதுச்சேரியைக் கடந்தால் கடலூர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது கடலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 600 பேர் உயிரிழந்தனர். பெற்றோரையும் வீட்டையும் இழந்த பிள்ளைகள் பலர். அவர்களுக்கான இல்லங்களும் பள்ளிகளும் மறுவாழ்வின் தொடக்கமாயின. அக்காலத்தில் கடலூரில் பெண்களுக்குக் கால்பந்து கற்பிக்கும் முயற்சி வேரூன்றியது. பயிற்றுநர் மாரியப்பனின் உழைப்பால் வளர்ந்த இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாதெமி, துயரத்தில் வாடிய சிறுமியர் பலருக்குத் திடலை இரண்டாம் வீடாக்கியது. அகாதெமியின் அணி 2018ஆம் ஆண்டு இந்திய மகளிர் லீக்கின் இறுதிச் சுற்றுவரை சென்று விளையாடியது.

இக்கரையிலிருந்து எழுந்தவரே இந்துமதி கதிரேசன். 1994ஆம் ஆண்டு பிறந்த இவர் நடுகள ஆட்டக்காரர். சுமித்ரா காமராஜ், சந்தியா ரங்கநாதன் ஆகியோரும் கடலூரிலிருந்து இந்திய அணிவரை உயர்ந்தவர்கள். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியின் இறுதியாட்டத்தில், நெடுங்காலம் முதன்மை வகித்த மணிப்பூர் அணியைத் தமிழ்நாடு 2-1 என வென்று முதன்முறையாகப் பட்டம் பெற்றது. அடுத்த ஆண்டில் மதுரையைச் சேர்ந்த சேது கழகம் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது. தமிழகப் பெண்கள் கால்பந்தின் வரலாற்றில் இவ்விரு நிகழ்வுகளும் திருப்புமுனைகள்.

2019 மார்ச் திங்களில் நேபாளத்தின் விராட்நகரில் தெற்காசிய மகளிர் வாகையர் போட்டி நடைபெற்றது. அரையிறுதியில் இந்தியா வங்கதேசத்தை 4-0 என வென்றது. அவற்றுள் இரண்டு கோல்கள் இந்துமதியுடையவை. நடுகளத்தில் நின்று வாய்ப்புகளை உருவாக்குபவர், தாமே முன்னேறி இலக்கையும் எட்ட வல்லவர் என்பதை அப்போட்டி காட்டியது. இறுதியில் நேபாளத்தை வென்று இந்தியா பட்டத்தைத் தக்கவைத்தது.

அதற்கு அடுத்த ஆண்டு பெருந்தொற்றுக் காலம். திடல்கள் மூடப்பட்டன. தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகப் பணியாற்றும் இந்துமதி, சென்னைத் தெருக்களில் ஊரடங்குக் காவற்பணியில் நின்றார். நாட்டின் சட்டை அணிந்து அயல்மண்ணில் ஆடியவர், அடுத்த ஆண்டே சீருடை அணிந்து சாலைச் சந்திப்பில் நின்றது அவருடைய கடமையுணர்வைக் காட்டும். அதே வேளையில், நம் நாட்டில் கால்பந்து வீராங்கனையின் வாழ்வு எதனை ஊன்றுகோலாகக் கொண்டுள்ளது என்பதையும் அது காட்டும்.

கடல் கடந்த முதற்கால்கள்

அயல்நாட்டுக் கழகங்களில் இந்தியர் ஆடிய வரலாறு 1936ஆம் ஆண்டிலேயே தொடங்குகிறது. கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தைச் சேர்ந்த முகமது சலீம், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குச் சென்று புகழ்பெற்ற செல்டிக் கழகத்தின் சட்டையை அணிந்தார். அவர் காலணி அணியாமல், பாதத்தில் துணிக்கட்டுச் சுற்றிக்கொண்டு ஆடினார். இரு ஆட்டங்களில் பங்கேற்று வியப்பை விளைவித்தார். ஆயினும், தாயகத்தின்மீது கொண்ட ஏக்கத்தால் விரைவில் கல்கத்தாவுக்கே திரும்பினார். திறமை இருந்தும் அயல்நாட்டு வாழ்வு நீடிக்கவில்லை என்பது அவர் வரலாறு நமக்குக் கூறும் முதற்பாடம்.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1999இல் சிக்கிமைச் சேர்ந்த பாய்ச்சுங் பூட்டியா இங்கிலாந்தின் பரி கழகத்தில் ஒப்பந்தமானார். சுனில் சேத்ரி 2010இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி கழகத்திலும், 2012இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கழகத்திலும் இணைந்தார். மகளிருள், அதிதி சௌகான் 2015இல் இங்கிலாந்தின் வெஸ்ட்ஹாம் அணியிலும், மணிப்பூரின் பாலா தேவி 2020இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணியிலும் சேர்ந்தனர். பஞ்சாபின் சிற்றூரில் பிறந்த மனிஷா கல்யாண் 2022இல் சைப்ரஸ் நாட்டின் அப்பொலோன் அணியில் இணைந்து, ஐரோப்பிய மகளிர் வாகையர் லீக்கில் ஆடிய முதல் இந்தியப் பெண் என்னும் சிறப்பைப் பெற்றார்.

புலம்பெயர்ந்த தமிழருள்ளும் இவ்வழியில் நடந்தோர் உளர். சிங்கப்பூரைச் சேர்ந்த வி. சுந்தரமூர்த்தி 1980களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பாசல் கழகத்தில் ஆடினார்; பின்னாளில் சிங்கப்பூர்த் தேசிய அணியின் பயிற்றுநராகவும் பணியாற்றினார்.

அயல்நாட்டில் தொடக்க ஆண்டுகள்

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதை வெற்றியின் முடிவாக நாம் கருதுகிறோம். உண்மையில் அது தேர்வின் தொடக்கமே. இதனைத் தெளிவாக்க, இந்திய மரபில் வந்த இரு நடுகள ஆட்டக்காரர்களின் வரலாற்றைக் காண்போம்.

சர்ப்ரீத் சிங் 1999ஆம் ஆண்டு நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்தார். பதின்பருவத்திலேயே வீட்டைவிட்டு வெலிங்டன் நகருக்குச் சென்று, அங்குள்ள பீனிக்ஸ் கழகத்தின் பயிற்சிப் பிரிவில் சேர்ந்தார். நியூசிலாந்தின் இளையோர் அணிகளுக்காக உலகக்கோப்பைப் போட்டிகளில் ஆடினார். 2019இல் இருபது வயதில் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கழகம் அவரை ஒப்பந்தம் செய்தது. ஆனால், அவர் நாள்தோறும் ஆடியது முதல் அணியில் அன்று. மூன்றாம் பிரிவில் ஆடிய இரண்டாம் அணியில். அவ்வணி அப்பருவத்தில் தன் பிரிவின் பட்டத்தை வென்றது. 2019 டிசம்பர் 14ஆம் நாள் பிரேமன் அணிக்கு எதிரான ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் மாற்று வீரராகக் களமிறங்கி, ஜெர்மனியின் முதல் பிரிவில் ஆடிய இந்திய மரபினருள் முதல்வரானார். அவர் எவருக்கு மாற்றாக இறங்கினாரோ அவர் பிரேசில் நாட்டுப் பிலிப் கூட்டினியோ. அன்று மூன்று கோல்கள் அடித்தவர். அத்தகையோர் நிறைந்த நடுகளத்தில் ஓர் இளைஞருக்குக் கிடைக்கும் இடம் எவ்வளவு குறுகியது என்பதை இதனால் உணரலாம். அடுத்த ஆண்டுகளில் பேயர்ன் அவரை நியூரம்பெர்க், ரேகன்ஸ்பூர்க் ஆகிய கழகங்களுக்குக் கடனாக அனுப்பியது.

'கடன்' என்னும் இம்முறை நம் வாசகர்க்குப் புதிதாகத் தோன்றலாம். பெரிய கழகத்தில் இடம் கிடைக்காத இளையோரை, ஒப்பந்தத்தை முறிக்காமலேயே சிறிய கழகத்துக்குச் சிறிது காலம் அனுப்பிவைப்பர். அங்கு அவர் ஆடி அனுபவம் பெறுவார். பெரிய பாத்தியில் முற்றாத நீரைச் சிறிய பாத்திக்கு மாற்றி முற்றச் செய்வதை இதனோடு ஒப்பிடலாம். ஆனால், நீருக்கு உள்ளம் இல்லை. ஆறு திங்களுக்கு ஒருமுறை ஊர், வீடு, உடன் ஆடுவோர், பயிற்றுநர் என அனைத்தும் மாறும் இளைஞரின் உள்ளம் எளிதில் நிலைகொள்வதில்லை.

விகாஸ் தொராசு, மொரீசியசுக்குக் கூலித் தொழிலாளராகச் சென்ற இந்தியரின் வழித்தோன்றல். 1973இல் பிரான்சில் பிறந்த அவர், லெ ஆவ்ர் கழகத்தில் தொடங்கி லியோன் கழகத்தில் புகழ்பெற்றார். 2004இல் இத்தாலியின் ஏ.சி. மிலான் கழகம் அவரை அழைத்தது. உலகின் தலைசிறந்த நடுகளத்தார் நிறைந்திருந்த அவ்வணியில் அவருக்கு ஆடும் வாய்ப்பு மிகக் குறைவாகவே கிடைத்தது. ஓராண்டில் பிரான்சுக்குத் திரும்பி, 2006 உலகக்கோப்பைக்கான பிரெஞ்சு அணியில் இடம்பெற்றார். அங்கும் அவர் களத்தில் நின்றது சில நிமிடங்களே. அந்நாள்களில் கையடக்கப் படக்கருவி ஒன்றால் தம் காத்திருப்பைத் தாமே படம்பிடித்தார். 'மாற்று வீரர்' என்னும் பொருள்படும் பெயரில் அது திரைப்படமாக வெளிவந்தது. உச்சத்தை எட்டிய பின்னும் காத்திருப்பின் தனிமை நீங்குவதில்லை என்பதற்கு அதுவே சான்று.

நடுகளத்தாருக்கு அயல்நாட்டில் மற்றுமொரு தடை உண்டு. அது மொழி. முன்களத்தார் கோல் அடித்துத் தம் திறனை மெய்ப்பிக்கலாம். கோலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டா. நடுகளத்தாரோ முன்னும் பின்னும் நிற்போருடன் இடைவிடாது பேச வேண்டும். 'பின்னால் ஆள்', 'திரும்பு', 'விடு' போன்ற ஒருசொல் எச்சரிக்கைகளை நொடிப்பொழுதில் கூறவும் கேட்கவும் வேண்டும். மொழி தெரியாதவர் ஒரு நொடி தயங்குவார். அந்த ஒரு நொடியில் பந்து பறிபோகும். எனவே, அயல்நாடு செல்லும் நடுகள ஆட்டக்காரர் முதல் நாளிலிருந்தே மொழிப்பயிற்சியைத் தொடங்குவது உடற்பயிற்சிக்கு நிகரான கடமையாகும். குளிர், உணவு, தனிமை ஆகியவை அதற்கு அடுத்து வருவன.

விதிகளும் வாயில்களும்

உலகக் கால்பந்துக் கூட்டமைப்பாகிய பிஃபாவின் விதிப்படி, பதினெட்டு வயது நிரம்பாதோரை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக் கழகத்திற்கு மாற்றுதல் கூடாது. பெற்றோர் கால்பந்து அல்லாத காரணத்திற்காக இடம்பெயர்ந்தால், அல்லது எல்லையோர ஊர்களில் வாழ்ந்தால், சில விலக்குகள் உண்டு. ஏழை நாடுகளின் சிறார்களை ஆசைகாட்டி அழைத்துச் சென்று, தேறாதபோது அயல்நகரத் தெருக்களில் கைவிட்ட கொடுமைகள் நிகழ்ந்ததாலேயே இவ்விதி கடுமையாக்கப்பட்டது. ஆகவே, 'உங்கள் பிள்ளையை ஐரோப்பாவில் சேர்க்கிறேன்' என்று கூறிப் பணம் கேட்கும் இடைத்தரகரின் சொல்லை நம்புமுன் இவ்விதியைப் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும்.

பதினெட்டு வயதுக்குப் பின் செல்வோருக்குப் பழைய நாட்டின் சங்கம் பன்னாட்டு மாற்றுச் சான்றிதழ் வழங்க வேண்டும். அதன்பின் பணிபுரியும் உரிமம் பெற வேண்டும். பிரித்தானியா போன்ற நாடுகளில், வீரரின் தாய்நாட்டு அணி உலகத் தரவரிசையில் வகிக்கும் இடமும் அவ்வுரிமத்திற்குக் கணக்கிடப்படுகிறது. இந்திய ஆடவர் அணி எட்டிய மிக உயர்ந்த இடம் 1996இல் பெற்ற 94. தனியொருவர் எத்துணைத் திறமையுடையவராயினும், அவருடைய நாட்டு அணியின் தரம் அவருக்குக் கதவைத் திறக்கவோ அடைக்கவோ கூடும் என்பது இதனால் விளங்கும்.

தெரிந்து தெளிவோம்

ஒப்பந்தக்காலம் முடியுமுன் வீரர் ஒருவர் விலைக்கு மாற்றப்படும்போது, அத்தொகையில் 5 விழுக்காடு அவர் பன்னிரண்டு வயது முதல் இருபத்து மூன்று வயது வரை பயிற்சி பெற்ற கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட வேண்டும் என்பது பிஃபாவின் விதி. கடற்கரைச் சிற்றூர்க் கழகம் ஒன்று வளர்த்த சிறுவன் பின்னாளில் அயல்நாட்டில் பெருந்தொகைக்கு மாற்றப்பட்டால், அச்சிற்றூர்க் கழகத்திற்கும் பங்கு உண்டு. ஆனால், அக்கழகம் சங்கத்தில் முறையாக இணைந்திருக்க வேண்டும். வீரரின் பதிவும் அதன் பெயரில் இருக்க வேண்டும். பதிவேடு இல்லாத உழைப்புக்குப் பங்கு இல்லை.

கரையின் வினா

இதுவரை கண்டவற்றால் ஒரு வினா எழுகிறது. நம் கடற்கரையில் திறமை உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் என்னும் நடுகள வீரர் இந்தியாவின் உயர்நிலை லீக்குகள்வரை சென்றார். வடசென்னையின் வியாசர்பாடி, தனபால் கணேஷ், நந்தகுமார் சேகர் ஆகியோரைத் தந்தது. கடலூர் மகளிரைத் தந்தது. எனினும், அயல்நாட்டுக் கழகங்களில் நிலைத்து ஆடும் தமிழகத்தவரைத் தேடிக் காண வேண்டியுள்ளது. ஏன்?

முதற்காரணம், தொடங்கும் வயது. ஐரோப்பியச் சிறுவர் ஆறேழு வயதிலேயே கழகத்தில் சேர்ந்து, ஆண்டுதோறும் பல போட்டிகளில் ஆடுகின்றனர். நம் சிற்றூர்ப் பிள்ளைகள் பலர் உயர்நிலைப்பள்ளிக்கு வந்தபின்னரே முறையான பயிற்சியைக் காண்கின்றனர். நடுகளத்திற்குத் தேவையான பார்வைத்திறன் வளர வேண்டிய ஆண்டுகள் அதற்குள் கழிந்துவிடுகின்றன.

இரண்டாம் காரணம், போட்டிகளின் எண்ணிக்கை. பயிற்சி உடலை ஆயத்தப்படுத்தும். போட்டியே அறிவை முற்றச் செய்யும். இந்திய மகளிர் லீக் தொடங்கியதே 2017ஆம் ஆண்டில்தான். தொடக்கக் காலத்தில் அது சில வாரங்களில் முடிந்துவிடும் போட்டியாகவே இருந்தது. ஆண்டின் எஞ்சிய நாள்களில் ஆடுவதற்குக் களம் இல்லாதவர், ஆண்டு முழுதும் ஆடுபவருக்கு ஈடாதல் அரிது.

மூன்றாம் காரணம், வாழ்வுக்கான உறுதி. தமிழ்நாடு அரசு விளையாட்டு வீரர்களுக்கு வேலைவாய்ப்பில் 3 விழுக்காடு இடஒதுக்கீடு வழங்குகிறது. உப்பளக் கூலியையும் மீன்பிடிப்பையும் நம்பிய குடும்பத்திற்கு அரசுப்பணி என்பது தலைமுறையை உயர்த்தும் பேறு. காயம் ஒன்றினால் ஆட்டம் முடிந்துவிட்டாலும் ஊதியம் நிற்காது. அத்தகைய பணியை விட்டு, ஓராண்டு ஒப்பந்தத்தை நம்பிக் குளிர்நாடு ஒன்றிற்குச் செல்லுமாறு எவரையும் வற்புறுத்த இயலாது. இதனை ஊக்கக்குறைவு என்று கருதுவது பிழை. இழப்பதற்குச் சேமிப்பு ஏதும் இல்லாதவர் எடுக்கும் அறிவார்ந்த முடிவு அது. ஆகவே, பணியில் இருக்கும் வீரர் அயல்நாட்டு வாய்ப்புப் பெறும்போது, பணியுரிமை காக்கப்பட்டு நீண்ட விடுப்பில் சென்றுவர வழி இருக்குமாயின், இன்று தயங்கும் கால்கள் நாளை துணியும்.

2021 நவம்பரில் இந்திய மகளிர் அணி பிரேசிலின் மனௌசு நகரில் அந்நாட்டு அணியை எதிர்கொண்டது. பிரேசிலின் நடுகள வீராங்கனை ஃபோர்மிகா தம் நாட்டுக்காக ஆடிய இறுதியாட்டம் அது. ஏழு உலகக்கோப்பைகளிலும் ஏழு ஒலிம்பிக் போட்டிகளிலும் ஆடிய அவருக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. இந்தியா 6-1 எனத் தோற்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் மனிஷா கல்யாண். ஓராண்டு நிறையுமுன்பே அவர் சைப்ரஸ் கழகத்தில் இருந்தார். வலிமைமிக்க அணியிடம் தோற்கும் ஆட்டமும் உலகின் கண்ணில் படும் வாயிலாகிறது. எனவே, வெற்றி பெறும் போட்டிகளை மட்டும் தேடாமல், வலியோருடன் அடிக்கடி ஆடும் வாய்ப்பை நம் இளையோருக்கு வழங்குதல் வேண்டும்.

தேவைப்படுவன பெருஞ்செல்வம் கோரும் திட்டங்கள் அல்ல. ஊர்தோறும் ஒரு சமதளத் திடல், பெண்பிள்ளைகள் மாலையில் அச்சமின்றி வந்து செல்ல ஒளிவிளக்கு, பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர், பன்னிரண்டு வயது முதல் முறையான பதிவு, ஆண்டு முழுதும் மாவட்ட அளவிலான போட்டிகள், ஆங்கிலத்தோடு பிறிதொரு மொழியையும் அஞ்சாது கற்கும் மனப்பாங்கு ஆகியவையே முதற்படிகள். இவை அமைந்தாலும் எல்லோரும் அயல்நாடு செல்லப்போவதில்லை. நூற்றுவர் ஆடினால் ஒருவர் செல்லக்கூடும். எஞ்சிய தொண்ணூற்றொன்பதின்மரும் உடல்நலமும் கல்வியும் தன்னம்பிக்கையும் பெற்றவராய் ஊரில் வாழ்வர். அதுவும் விளைச்சலே.

மரக்காணத்து அளத்தில் கடல்நீர் ஒரே நாளில் உப்பாவதில்லை. வெயில், காற்று, மடை, காத்திருப்பு எனப் பலவும் கூடினாலன்றிப் படிகம் தோன்றாது. காலத்திற்கு முன்பே அதனை வாரிவிட்டால் கையில் எஞ்சுவது சேறு. விளையாட்டில் இளையோரை வளர்ப்பதும் அத்தகையதே. நீர் நம்மிடம் உள்ளது. மடையைக் காக்கும் பொறுப்பு பெற்றோர், ஆசிரியர், சங்கம், அரசு ஆகிய அனைவருக்கும் உரியது.